பெர்மிட்டில் ஒரு கையெழுத்து

எண்ணெய்க் கிணற்றில் திருட்டுக் கும்பல் புகுந்து இரண்டு தொழிலாளிகளை வெட்டிய மறுவாரமே, வீண்செலவு என்று சொல்லி அரசாங்கம் அங்கிருந்த காவலை எடுத்துவிட்டது. எப்படி இருக்கிறது நியாயம்! சங்கத்தார் வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் எண்ணெய்த் துறைச் செயலாளர் வந்து இறங்கினார், முன்னும் பின்னும் துப்பாக்கி ஜீப்போடு.

“இங்கே என்னய்யா பயம்? இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா? எல்லாரும் உள்ளே போங்க!”

ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டை எழுதும் தவமணி எழுந்தாள். “போறோம் ஐயா. ‘இடம் பாதுகாப்பானது’ன்னு இந்தப் பெர்மிட்டுல யாராவது கையெழுத்துப் போடணும். இல்லாட்டி ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. உங்க துறை போட்ட விதிதான்.”

“கொண்டா!” செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“போட்டவர் ஷிப்டு முடியிறவரைக்கும் கிணத்தடியிலயே இருக்கணும். அதுவும் அதே விதி. நாளைக் காலையில ஆறு மணிக்கு முடிஞ்சிரும். ஜீப்புகளை அனுப்பிடலாமா ஐயா? காவல் வீண்செலவாச்சே.”

செயலாளர் கிணற்றைச் சுற்றியிருந்த கருவேலங்காட்டைப் பார்த்தார். பிறகு பெர்மிட்டைத் திருப்பிப்போட்டு, காவலைத் திரும்ப அனுப்பும்படி அதன் முதுகிலேயே உத்தரவு எழுதி நீட்டினார்.

தவமணி நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “‘இன்றே’ன்னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, ஐயா.”