தென்கரைக்குப் பயமில்லை

“என் தவறா, காற்றின் தவறா? அது மட்டும் தெரிஞ்சா போதும், அம்மா.”

மடத்துக்குள் நுழைந்ததும் வேதரத்தினம் தவமணியம்மாவிடம் இப்படித்தான் கேட்டார். உட்காரக்கூட இல்லை.

முப்பத்து நான்கு வருடம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதக் காலையில், ‘புயல் வடக்கே கரை கடக்கும். தென்கரைக்குப் பயமில்லை’ என்று எழுதி அனுப்பினார். மத்தியானம் புயல் தெற்கே திரும்பியது. அவர் எழுத்தை நம்பிக் கடலுக்குப் போன ஏழு பேர் கரை திரும்பவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் பழைய புயல்களைத் தேடிப் படித்தார். துறைமுகப் பதிவேடுகள், கப்பல் தலைவர்களின் குறிப்புகள். நூற்று முப்பது வருடப் புயல்கள் அவருடைய நோட்டுகளில் இருந்தன.

தவமணியம்மா அவரைவிட இளையவர். கடற்கரை மடத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் துறவி.

“அப்படித் திரும்பின புயல் வேற உண்டா?” என்று கேட்டார்.

“நூத்தி முப்பது வருஷத்துல மூணே மூணு.”

“அது அப்பவே தெரிஞ்சிருந்தா?”

“அப்பவும் வடக்குன்னுதான் எழுதியிருப்பேன்.”

“அப்போ உங்க தவறு இல்லை.”

வேதரத்தினத்துக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. உடனே மறுபடி கனத்தது.

“எழுதினது என் கைதானே, அம்மா?”

“அப்போ உங்க தவறுதான்.”

“ரெண்டையும் சொன்னா நான் எதை எடுத்துக்கறது?”

தவமணியம்மா அவித்த நெல்லைக் காட்டினார். “இதைக் காயப்போடணும். மழை வருமா?”

அவர் வானத்தைப் பார்த்தார். காற்றைப் பார்த்தார்.

“வராது.”

இருவரும் முற்றத்தில் நெல்லை விரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் மழை கொட்டியது. அள்ளுவதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது.

அவர் கூனிக்குறுகி நின்றார். அம்மா நனைந்த நெல்லைக் கூடையில் அள்ளினார்.

மறுநாள் காலையில் அதே நெல்லைக் கொண்டுவந்து வைத்தார். “இன்னைக்கு மழை வருமா?”

“என்னையா கேக்கறீங்க?”

“வேற யாரைக் கேக்க? இங்க வானம் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

கேலி செய்கிறாரா? முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“உச்சிப்பொழுது வரைக்கும் வராது. அதுக்கு மேல எனக்குத் தெரியலை.”

அம்மா பாதி நெல்லை மட்டும் விரித்தார். மீதியை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

கூடையைத் தூக்கியவரிடம் கேட்டார்: “அன்னைக்கும் மத்தியானத்துக்கு மேல தெரியாமத்தான் இருந்துச்சா?”

“ஆமா.”

“அதை எழுதினீங்களா?”