சவரிமுத்து இழுத்த சுரம்

வடபழனி ரெக்கார்டிங் தியேட்டரில் டீ நேரம். கம்பி மேல் இரும்புத் துண்டை இழுத்து, காலால் பெடலை மிதித்து வாசிக்கிற பெடல் ஸ்டீல் எலெக்ட்ரிக் கிதார்க்காரர் சவரிமுத்து, வழக்கம்போல கிதார் ஒயரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் சுருட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். அவர் இல்லாத நேரத்தில் ஒரு பயலும் கிதாரைத் தொட்டு வாசித்துவிடக் கூடாது. காலையில் ரெண்டு டேக் சொதப்பியாயிற்று. அடுத்ததும் சரியாக வராவிட்டால் அந்தக் கிதார் பிட்டை கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வதாக இசையமைப்பாளர் துரைக்கண்ணு சொல்லிவிட்டார். சவரிக்கு உள்ளுக்குள் பயம். பயம் வந்தால் அவருக்கு வாய் நீண்டுவிடும்.

"கீபோர்டாம்ல. முன்னாடி ஒரு சோகப் பாட்டுக்கு, கம்பி மேல இரும்பை வச்சு ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தேம்பித் தேம்பி அழுவுறான்."

"அவருக்கு ஜலதோஷமா இருந்திருக்கும்ணே," என்றார் தபலா பாபுராவ்.

"அப்ப மைக்குக்கும் ஜலதோஷமா? சொட்டுச் சொட்டா தண்ணி வடியுது. கீழ பக்கெட் வச்சோம். அப்புறம் பெடலை ஒரு மிதி மிதிச்சேன் பாரு, சுரம் ஏறிச்சு, ஏறிச்சு, கூரையைத் தாண்டிப் போயிருச்சு. நாங்க சாப்பிட்டு, வெத்தலை போட்டுட்டு வர்றோம், அது இன்னும் இறங்கல."

"பிறகு எப்படி இறக்குனீங்க?"

"கிதாருக்கு அடியில இருக்கிற லிவரை முழங்காலால தட்டி இறக்குனேன். சும்மா வரல, மேகத்தையும் சேர்த்து இழுத்துட்டு வந்துச்சு. கோடம்பாக்கம் பூரா மழை. கரண்ட் போச்சு. ஊரே இருட்டு, என் கிதார் மட்டும் நிக்கல. அதுக்குக் கரண்டே வேண்டாம்யா, என் கை போதும்."

"நல்லா விடுறீங்கண்ணே," என்று பாபுராவ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. "எனக்கு எதுக்கு இது" என்று ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கண்ணை மூடி வாசித்தார் சவரி. ஆயுசில் இப்படி வாசித்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் ஸ்பீக்கரில் துரைக்கண்ணுவின் குரல் வந்தது. "தபலா, வயலின் எல்லாம் நல்லா இருக்கு. சவரி, நீங்க எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

பாபுராவ் எழுந்து வந்து, சவரியின் சட்டைப்பையிலிருந்து ஒயரை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"கரண்ட் வேண்டாம், சரி. ஒயராச்சும் வேணும்லண்ணே."

சவரி ஒயரைக் கிதாரில் சொருகினார். அடுத்த டேக்கில் வேர்க்க விறுவிறுக்க வாசித்தார். ஓகே ஆகிவிட்டது. கீபோர்டைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே பாபுராவைப் பார்த்தார்.

"பார்த்தியா, இந்தத் தடவை நான் கையே வைக்கல. போன டேக்ல வாசிச்சதுதான் இப்ப ஒயர் வழியா வந்து சேர்ந்திருக்கு."