நாலாவது மனு

மனுவை வாங்கினால் போதும், படிக்க வேண்டாம் என்றிருந்த ஒரு ராஜ்ஜியத்திலே, முன்னொரு காலத்தில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய கத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மதகை ஊர் மணியக்காரர் பூட்டிவிட்டார். செடி வாடியது. மூன்று மனு கொடுத்தாள். மனு அதிகாரி சாம்பமூர்த்தி மூன்றையும் மணியக்காரருக்கே விசாரிக்க அனுப்பினார். “விசாரித்தேன், தவறில்லை” என்று அவர் எழுத, முத்திரை விழுந்தது.

“அவர் மேல புகாரை அவருக்கே அனுப்பலாமா சாமி?” என்று அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

“யார் மேல புகாரோ, அவருக்குத்தாம்மா விஷயம் தெரியும். முறையை மாத்த நீ யாரு?”

“சரிங்க சாமி” என்று போனவள், பூட்டை உடைத்துத் தண்ணீர் பாய்ச்சினாள். மறுநாள், “செங்கமலம் பூட்டை உடைத்தாள்” என்று தன் மேலேயே மனு கொடுத்தாள். முறைப்படி அது அவளிடமே விசாரணைக்கு வந்தது. “விசாரித்தேன், தவறில்லை” என்று எழுதினாள். முத்திரை விழுந்தது.

மணியக்காரர் திவானிடம் ஓடினார். திவான் மனுவைப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்: “இதைப் படிச்சீரா?”

“படிக்கிற வழக்கமில்லைங்க.”

“அப்ப கத்துக்கும். ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு மனுவுக்கும் நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதும். மதகு திறந்தே இருக்கட்டும்.”

மதகைப் பார்க்க வந்த அதிகாரியிடம், “வாய்க்கால்ல சேறு, செருப்பைக் கழட்டிக்குங்க சாமி” என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் முன்னே போனாள். கூட வந்த மணியக்காரர் நழுவினார். செருப்பைக் கையில் பிடித்தபடி, கடைசியாகச் சாம்பமூர்த்தியும் நடந்தார்.