சொக்கிக்குப் பைத்தியமா?

மருதங்குடி அரசவை இருக்கிறதே, அது ஒரு பெரிய கூத்து. அங்கே எதிரெதிராக உட்காரும் இரண்டு வரிசைப் பிரபுக்களுக்கும் ஆகவே ஆகாது. இடது வரிசை மாங்காய் ஊறுகாயைப் புகழ்ந்தால் வலது வரிசை அன்றோடு ஊறுகாயையே நிறுத்திவிடும். வலது வரிசை தும்மினால் இடது வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

ஒருநாள் அரண்மனை யானை சொக்கி, இடது வரிசைத் தலைவர் அம்பலவாணரின் பச்சைத் தலைப்பாகையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

"யானைக்குப் பைத்தியம்! காட்டுக்கு விரட்டுங்கள்!" என்று குதித்தார் அம்பலவாணர்.

"பச்சையாக இருந்தால் யானை தின்னத்தான் செய்யும். அது நல்ல யானை," என்றார் வலது வரிசைத் தலைவர் திருமலைக்கொழுந்து.

சொக்கியை அவை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது காதை ஆட்டியது.

"பார்த்தீர்களா, பைத்தியம்!" என்றது இடது வரிசை.

"பார்த்தீர்களா, என்ன சாந்தம்!" என்றது வலது வரிசை.

ஒரே காது ஐயா, ஒரே ஆட்டம்!

அரசர் வீரகேசரிக்குத் தலை வலித்தது. "நாளை முரசு அடித்ததும் இரண்டு வரிசையும் சேர்ந்து ஒரே பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் யானை காட்டுக்கு!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாகன் காளத்தி அழுதே விட்டான். "குட்டியிலிருந்து வளர்த்தேன் சாமி. காட்டில் அதுக்கு இரை தேடக்கூடத் தெரியாதே!"

அவை விகடன் சாத்தப்பனுக்கும் மனசு கேட்கவில்லை. தினமும் அவன் மடியில் தும்பிக்கையை விட்டு வாழைப்பழம் எடுக்கிற யானை அல்லவா? "அழாதே, பார்த்துக்கலாம்," என்றவன் நேரே அம்பலவாணர் வீட்டுக்குப் போனான். அவர் காதில் ஏதோ சொன்னான். திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் முரசு அதிர்ந்தது.

"நல்ல யானை!"

இரண்டு வரிசையும் ஒன்றாகக் கத்தின. அம்பலவாணர் எதிர் வரிசையைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். திருமலைக்கொழுந்தோ அவசரமாகத் தொண்டையைக் கனைத்தார். "யோசித்துப் பார்த்தால், அந்தக் காதாட்டம் கொஞ்சம் ஒரு மாதிரி..."

"மகாராஜா, சீக்கிரம் தீர்ப்பு!" என்று அலறினான் சாத்தப்பன்.

"யானை இங்கேயே இருக்கும்!" என்றார் அரசர். காளத்தி ஓடிப்போய்ச் சொக்கியின் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டான்.

"அடேய் சாத்தப்பா, தலைப்பாகையைப் பறிகொடுத்த மனுஷரையே மாற்றிவிட்டாயே! யானை நல்லதென்று அவருக்கு என்ன சாட்சி காட்டினாய்?" என்று கேட்டார் அரசர்.

"சாட்சியா? ஒரே காதாட்டத்தைத்தான் நேற்று எல்லாரும் பார்த்தார்களே, அதில் யார் மாறினார்கள்? 'ஐயா, யானைக்குப் பைத்தியம்தான் என்று திருமலைக்கொழுந்தும் ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று ஒரு பொய் சொன்னேன். மனுஷர் பதறிப்போய், 'அப்படியா! அப்போ அது நல்ல யானைதான்!' என்றார்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. பச்சைப் பட்டுச் சால்வை ஒன்றைப் பரிசாக நீட்டினார். சாத்தப்பன் அதைத் தோளில் போடாமல் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். சொக்கி பக்கத்தில்தானே நின்றது!