கரடி மாரப்பனின் காவல் நாய்

ஓடைக்கரைக் காட்டில் கரடி மாரப்பன் ஒரு நாய் வளர்த்தான். அதன் பெயர் சூரன். ஊரிலிருந்து வழி தவறி வந்தவனைத் தன் தேன் மரத்துக்குக் காவலாக வைத்துக்கொண்டான். காட்டில் வேறு யாரிடமும் நாய் இல்லை என்பதில் மாரப்பனுக்குத் தலைகால் புரியாத பெருமை. கட்டிப்போட மட்டும் மாட்டான்.

யாராவது அந்தப் பக்கம் வந்தால் சூரன் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்வான். மாரப்பன் படுத்தபடியே குரல் கொடுப்பான்.

"பயப்படாதீங்க! அது ஒண்ணும் பண்ணாது!"

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்கிறார்களோ, தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் முயல் செல்லாத்தா குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுடைய வளை பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் மூழ்கிவிடும். உள்ளே கண் திறக்காத குட்டிகள் நான்கு. அதனால் மேட்டில் புது வளை தோண்டிக்கொண்டிருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

குளத்துப் பாதையில் சூரன் பாய்ந்து அவளுடைய முன்னங்காலைக் கவ்வினான்.

"ஐயோ! விடு! விடு!"

"ஒண்ணும் பண்ணாது அம்மிணி!" என்றான் மாரப்பன், தூரத்திலிருந்து.

பண்ணி முடித்தாகிவிட்டது!

அந்தக் காட்டில் வழக்கு என்றால் யானை அங்காத்தாவிடம்தான் போவார்கள். செல்லாத்தா நொண்டிக்கொண்டே போய் அழுதாள்.

"இந்தக் காலை வெச்சுட்டு எப்படித் தோண்டுவேன் ஆத்தா? மழைக்குள்ள வளை முடியலீன்னா எங்குட்டிக நாலும் போயிருமுங்க!"

அங்காத்தா முதலில் துதிக்கையால் தண்ணீர் ஊற்றிக் காயத்தை நன்றாகக் கழுவினாள். பிறகு மாரப்பனைக் கூப்பிட்டாள். சூரனும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"அது என் நாயே இல்லீங்க ஆத்தா! சும்மா என் குகைப் பக்கம் படுத்துக் கிடக்கும்!" என்றான் மாரப்பன்.

சூரனின் வால் நின்றுவிட்டது. "அண்ணா! நெசமாவா சொல்றீங்க?"

"நீ சும்மா இருடா!" என்று அதட்டிவிட்டு, மாரப்பன் மேலே பேசினான். "இந்த முயலும் பாத்து நடந்திருக்கோணுமுங்க. மரத்துல 'நாய் ஜாக்கிரதை'ன்னு போர்டே எழுதி மாட்டியிருக்கேன்!"

வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள் சிரித்தன. அங்காத்தா சிரிக்கவில்லை.

"உன் நாய் இல்லீன்னா நீ எதுக்குப் போர்டு மாட்டுனே?"

மாரப்பன் சூரனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"ஒண்ணும் பண்ணாதுன்னா ஜாக்கிரதைன்னு எதுக்கு எழுதுனே?"

"அது... வந்துங்க ஆத்தா..."

"கடிக்கும்னு தெரிஞ்சேதான் அவுத்து விட்டிருக்கே! கடிச்சதும் உன் மரத்தடியில இல்ல, எல்லாரும் நடக்கற பாதையில. இவளால இனித் தோண்ட முடியாது. மழை விழறதுக்குள்ள நீ தோண்டி முடி! காயம் ஆறற வரைக்கும் இவளுக்குப் புல்லும் கிழங்கும் நீதான் கொண்டாரோணும்!"

கரடியின் கையை வைத்துக்கொண்டு முயல் வளை தோண்டுவது லேசான வேலையா? முதலில் தோண்டிய குழியில் மாரப்பனே படுத்து உருளலாம்.

"வாசல் அகலமாப் போச்சுங்கண்ணா! நரி நுழைஞ்சுரும்!" என்று கத்தினாள் செல்லாத்தா.

மூடிவிட்டு மறுபடி தோண்டினான். கடைசியில் ஒற்றை நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் வளை உருவானது. அதற்குள் தூறல் விழுந்துவிட்டது. மாரப்பன் பள்ளத்துக்கு ஓடிக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். நான்காவது குட்டியை எடுக்கும்போது பழைய வளைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அது அவன் உள்ளங்கையில் வெடவெடவென்று நடுங்கியது. மாரப்பன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடி, செல்லாத்தாவின் பக்கத்தில் விட்டான்.

"தப்பு எம்மேலதான் அம்மிணி" என்றான்.

மறுநாளிலிருந்து குளத்துப் பாதையில் சூரன் கழுத்தில் காட்டுக்கொடிக் கயிற்றோடுதான் நடந்தான். எதிரே யார் வந்தாலும், மாரப்பன் முதலில் கயிற்றை இழுத்துப் பிடித்தான். அதற்குப் பிறகுதான் நலம் விசாரித்தான்.

நாய் நம்முடையது என்றால், அது கடித்த கடிக்குப் பொறுப்பும் நம்முடையதே.