விலை குறைஞ்ச பேஸ் கிடாரும் ஒச்சுவின் கல்யாணமும்

விலை குறைஞ்ச பேஸ் கிடார் வாங்கலாமா கூடாதான்னு யாராவது உங்ககிட்டக் கேட்டா, வாயைத் திறக்காதீங்க. நேரா ஊமத்தங்குளத்துக்கு அனுப்பி வைங்க. அங்கே நாலு பேர் இருக்காங்க, அவங்க சொல்லுவாங்க. கேட்கப் போறவர் சாப்பிட்டுட்டுப் போறது நல்லது.

நான் அந்த ஊர்ல பந்தல் போடுறவன். நடந்த ரெண்டு விசேஷத்துக்கும் சாமியானா என்னுது, சேர் என்னுது. கிடார் வாங்கப் போன அன்னைக்கும் பந்தல் கயிறு வாங்க அதே பஸ்ல போனேன். அதனால இதுல எதுவும் கேள்விப்பட்டுச் சொல்றது இல்ல. எல்லாம் பக்கத்துல இருந்து அனுபவிச்சது.

அந்த நாலு பேரும் சேர்ந்ததுதான் மாருதம் இன்னிசைக் குழு. சுருளிவேல் பாடுவார், அவர்தான் தலைவர். ஒரு கச்சேரியில எவனோ, "அண்ணே, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொன்னான். போதும்னு சொல்ல மறந்துட்டான். அன்னையில இருந்து அவர் பந்தலுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் நின்னுதான் பாடுறார். கீபோர்டுக்குச் சகாயம். கத்துக்கொடுத்த வாத்தியார், முதல்ல வெள்ளைக் கட்டையை வாசி, கறுப்பை நான் சொல்றப்பத் தொடுன்னு சொல்லிட்டு மலேசியா போயிட்டார். பதினேழு வருசமாச் சகாயம் கறுப்புக் கட்டையைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்ல. ட்ரம்முக்குத் தவசி. தாளம் தப்பினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அவருக்குச் சொல்லியிருக்காங்க, அதனால இதுவரைக்கும் ஒரு பாட்டையும் முடிச்சதில்ல. நாலாவது ஆள் ஒச்சு. மணல் போட்ட டப்பாவைக் குலுக்குறவன். தங்கமான பையன்.

ஒச்சுவுக்கு ரைஸ்மில் அய்யாவு மக செவ்வந்தியைக் கட்டணும்னு நாலு வருசமா ஆசை. அந்தப் பிள்ளைக்கும் ஆசைதான். அவளைப் பாக்குற சாக்குல ஒரு படி நெல்லை நாலு தடவையாக் கொண்டுபோய் அரைச்சிருக்கான்னா பாத்துக்கங்க. நடுவுல நின்னது அய்யாவு. முப்பது வருசம் மில்லுச் சத்தத்துலயே நின்னு அவருக்குக் காது ரெண்டும் மந்தமாப் போச்சு. பக்கத்துல வந்து கத்தினாத்தான் கொஞ்சம் கேக்கும். பல்லும் போச்சு, அதுக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்ல. மில்லு ஓடுதா நிக்குதான்னு நெஞ்சுல கைய வச்சுத்தான் மனுசன் கண்டுபிடிப்பார்.

போன தை மாசம் தேனியில ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே ஒருத்தன் பேஸ் கிடார் வாசிச்சிருக்கான். நம்ம ஆளுக்கு மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி நெஞ்சு அதிர்ந்து, அப்படியே சேர்ல உக்காந்துட்டார். பதினஞ்சு வருசத்துல அவருக்குள்ள போன முதல் பாட்டு அதுதான். ஊருக்கு வந்ததும் ஒச்சுவைக் கூப்பிட்டு விட்டார்.

"இங்க பாருப்பா. என் மகளைக் கட்டணும்னா டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் பேஸ் கிடார் வாங்கு. நிச்சயதார்த்தத்துக்கு நீயே வாசி. நல்ல பேஸ் கிடார் காதுல கேக்கக் கூடாது, நெஞ்சுல கேக்கணும். என் நெஞ்சுல கேட்டாத்தான் தட்டு மாத்துவேன்."

கேக்கலேன்னா கம்பத்துல உரக்கடை வச்சிருக்கிற பையனுக்குச் செவ்வந்தியைக் கொடுத்துடுவேன்னும் சொல்லிட்டார். ஒச்சு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல.

மூணாம் நாள் நாலு பேரும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாங்க. நான் கயித்தை வாங்கிக்கிட்டு அவங்க கூடவே கிடார்க் கடைக்குப் போனேன். அங்கே முதல்ல விலையைக் கேட்டாங்க. சாதா கிடாருக்கு ஆறு கம்பி, ஆறாயிரம். பேஸ் கிடாருக்கு நாலே கம்பி, அதுலயே குறைஞ்சது ஒம்பதாயிரம். இது தவசிக்கு ரொம்ப நேரம் மண்டையைக் குடைஞ்சுச்சு. கடைசியில அவரே தெளிவுபடுத்தினார். கம்பி குறையக் குறைய விலை ஏறும், அதான் கணக்கு. மத்தவங்களுக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு.

கடைக்காரர் நல்ல மனுசன். முப்பதாயிர ரூபா கிடார் ஒண்ணை எடுத்து, பெரிய பெட்டி ஒண்ணுல வயரை மாட்டி, ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கண்ணாடி அலமாரி ஆடிப்போச்சு. எனக்குக் கயித்துக் கட்டு கையில இருந்து நழுவிருச்சு. சுருளிவேல் மட்டும் முகத்தைச் சுளிச்சார்.

"காதுல கேக்குது. வேண்டாம்."

கடைக்காரருக்கு இருபது வருச வியாபாரத்துல இப்படி ஒரு குறையை யாரும் சொன்னதில்ல போல. கிடாரைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அதுக்குள்ள ஒச்சு, ஆணியில தொங்கின ஒம்பதாயிர ரூபா சாமானைத் தானே இறக்கி, வயரும் இல்லாம பெட்டியும் இல்லாம நெஞ்சோட அணைச்சு ஒரு கம்பியை இழுத்து விட்டான்.

"காதுல கேக்குதாடா?"ன்னார் சுருளிவேல்.

"சுத்தமா இல்லண்ணே."

"நெஞ்சுல?"

"குறுகுறுங்குதுண்ணே."

நாலு பேரும் மாத்தி மாத்திக் கட்டிப்பிடிச்சுப் பாத்தாங்க. நாலு நெஞ்சுலயும் குறுகுறுத்துச்சு. கடைக்காரர் பொறுமையா, தம்பி, இதுக்கும் அந்தப் பெட்டியும் வயரும் தனியா வாங்கணும், இல்லேன்னா சத்தம் வராதுன்னு எடுத்துச் சொன்னார். சுருளிவேலுக்கு மனசு கஷ்டமாப் போச்சு.

"காதுல கேக்காத கிடாரை இப்பத்தான் கண்டுபிடிச்சோம். அதுக்குள்ள அதைக் காதுல கேக்க வைக்கிற பெட்டியை வாங்கச் சொல்றீங்களே, எங்க மேல உங்களுக்கு என்னங்க கோபம்?"

அதுக்கு மேல கடைக்காரர் வாதாடல. விலை குறைஞ்சதுன்னாலும் பழகுறதுக்குத் தாராளமா வாங்கலாம், பழகப் பழகத்தான் எல்லாம் வரும்னார். கம்பி தளரும், முறுக்கி விடணும். வெயில் ஆகாது. கைக்குழந்தை மாதிரி பாத்துக்கணும். இவ்வளவும் சொல்லி அனுப்பி வச்சார். அவர் மேல நான் தப்பே சொல்ல மாட்டேன்.

கைக்குழந்தைன்னு சொல்லிட்டாரில்ல, பஸ்ல ஏறினதும் துண்டுல சுத்தி மடியில போட்டுக்கிட்டாங்க. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். குழந்தைக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு தவசி கேட்டார். எத்தனை வயசுன்னு கண்டக்டர் கிண்டலாக் கேட்க, சகாயம் கிடாரோட கொடுத்த அட்டைப்பெட்டியில அச்சடிச்சிருந்த தேதியைப் பாத்து, ரெண்டு மாசம் பதினோரு நாள்னு சரியாச் சொன்னான். கண்டக்டர் என்னைப் பாத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஊர்ல வந்து சேலையில தொட்டில் கட்டிப் போட்டாங்க. பவுடர் பூசி, கன்னம் எதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் மைப்பொட்டு வச்சாங்க. பவுடர் பூசுறப்பத்தான் அடிப்பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கிறதைச் சகாயம் பாத்தான். வயர் மாட்டுற ஓட்டைதான், வேற ஒண்ணுமில்ல. ஆனா இவங்களுக்குப் பகீர்னு ஆயிருச்சு. இதனாலதான் விலை குறைச்சுக் கொடுத்திருக்கான்னு சுருளிவேல் சொன்னார். நெஞ்சுக்குப் போக வேண்டிய சத்தம் பாதி இது வழியா ஒழுகிப் போயிரும்னு தவசி சொன்னார். உடனே ஆளை அனுப்பித் தண்ணிக் குழாய்க்கு அடைக்கிற பசையை வாங்கி, இறுக்கி அடைச்சு, மேல ஒரு காசையும் வச்சு அமுக்கிட்டாங்க.

அப்புறம் கம்பியை முறுக்குற வேலை. முறுக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே ஒழிய எப்ப நிறுத்தணும்னு சொல்லல. ஆளுக்கு ஒரு மணி நேரம்னு முறை போட்டு முறுக்கினாங்க. சாயங்காலம் ஒரு கம்பி பட்டுனு அறுந்துச்சு. ஒச்சு அழப்போனான். தவசிதான் அவன் தோளைத் தட்டி, பைத்தியக்காரா, மூணு கம்பின்னா பன்னெண்டாயிரத்துச் சாமான் ஆயிருச்சுடான்னார். சகாயம் இன்னொண்ணையும் அறுக்கக் கையை நீட்டினான். பேராசை நல்லா இருக்காதுன்னு சுருளிவேல் தடுத்துட்டார்.

நிச்சயதார்த்தம் வந்துச்சு. மில்லு வாசல்ல என் சாமியானா, இருநூறு சேர், எல்லாம் நிறைஞ்சிருச்சு. ஒச்சு வடநாட்டு மாப்பிள்ளை மாதிரி தலைப்பாகை எல்லாம் கட்டிக்கிட்டு மேடையில நின்னான். வெயில் ஆகாதுன்னு கிடாருக்குத் தனியா ஒரு குடை. அய்யாவு முதல் வரிசையில, பாக்கு இடிக்கிற சின்ன உரலை மடியில வச்சுக்கிட்டு, வலது கையை நெஞ்சுல வச்சு உக்காந்திருந்தார். அவர் பக்கத்துல தாம்பாளத் தட்டு. ரெண்டு சேர் தள்ளிச் செவ்வந்தி.

கச்சேரி ஆரம்பிச்சுச்சு. கொஞ்ச நேரத்துல அய்யாவு கையைத் தூக்கினார். ட்ரம்மு வேண்டாம், கீபோர்டு வேண்டாம், கிடார் மட்டும் வாசி, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதேன்னார்.

ஒச்சு வாசிச்சான். பந்தல்ல ஈ பறந்தா கேக்கும், அவ்வளவு அமைதி. டீக்கடையில இருந்து சுருளிவேல் கத்தினார்.

"யாருக்காவது காதுல கேக்குதா?"

இருநூறு பேரும் இல்லைன்னாங்க. சுருளிவேலுக்குப் பெருமை தாங்கல. ஆனா அய்யாவு நெஞ்சை இப்படித் தடவுறார், அப்படித் தடவுறார், சட்டைப் பித்தானைக் கூடக் கழட்டிப் பாத்துட்டார். ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிசம் பாத்தார். அப்புறம் தட்டை எடுத்துச் சேருக்கு அடியில வச்சுட்டார்.

செவ்வந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஒச்சுவுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா நிறுத்தாதேன்னு சொல்லியிருக்காரே, கை பாட்டுக்குக் கம்பியை இழுத்துக்கிட்டே இருக்கு. அப்படியே மேடையை விட்டு இறங்கி வந்தான்.

"மாமா, நான் என்ன செய்யட்டும் மாமா"ன்னு அவரைக் கட்டிப்பிடிச்சு அழுதான்.

ரெண்டு பேருக்கும் நடுவுல கிடார். அதோட கட்டை அய்யாவு நெஞ்சுல அழுந்துச்சு. அய்யாவு தள்ளிவிடத்தான் கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்னுருச்சு. முகம் மாறுச்சு. வாயை மெல்லத் திறந்தார்.

"ஓடுதுடா"ன்னார். "என் மில்லு ஓடுது."

அவரும் அழுதார். அழுதுக்கிட்டே, என் சொந்தபந்தம் ஒருத்தர் விடாம இதைக் கேக்கணும்னு சொல்லிட்டார். அவ்வளவுதான், பந்தல்ல வரிசை நின்னுச்சு. ஒச்சு ஒவ்வொரு ஆளாக் கட்டிப்பிடிச்சு ஒரு பாட்டு வாசிச்சான். பொம்பளைங்க பக்கம் யார் போறதுன்னு பெரிய விவாதம் நடந்து, கடைசியில செவ்வந்தியே கிடாரை வாங்கிட்டுப் போனா. ரெண்டு நிமிசத்துல அவனை விட நல்லா வாசிச்சா. காலையில மாத்த வேண்டிய தட்டைச் சாயங்காலம் நாலரைக்கு மாத்தினாங்க. நானும் வரிசையில நின்னேன். பொய் சொல்லக் கூடாது, லேசாக் கேட்டுச்சு.

அன்னைக்கு மாமனாருக்குப் பிரியமாக் கிடாரைக் கொடுத்துட்டு வந்தான் ஒச்சு. கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்துச்சு. அந்த இருபது நாளும் மில்லுல மோட்டார்ச் சத்தம் கேக்கல. நான் பந்தல் அளவெடுக்கப் போனப்ப அய்யாவு கல்யாண நெல்லு மூட்டையைக் கட்டிப்பிடிச்சு, நடுவுல கிடாரை வச்சு, கண்ணை மூடி வாசிச்சுக்கிட்டு இருந்தார். நெஞ்சு அதிருது, அப்ப மில்லு ஓடுதுன்னு தானே அர்த்தம், கரண்டு வேற மிச்சம்னார். ஒரு மூட்டைக்கு நாலு பாட்டு. இடுப்பு வலிச்சா செவ்வந்தி வந்து வாசிப்பா. நான் மோட்டாரைப் போடச் சொல்லிக் காதுல கத்திப் பாத்தேன். ரெண்டையும் ஒண்ணா ஓட்டினா அரிசி நொய்யாப் போயிரும்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. ஒச்சு தாலி கட்டினான். கெட்டிமேளம் முழங்கினப்ப அவன் முகத்துல இருந்த சந்தோசத்தை இன்னொரு ஆள் முகத்துல நான் பாத்ததில்ல. முதல் பந்தியில மாப்பிள்ளை, பொண்ணு, அய்யாவு, குழுவுல மத்த மூணு பேர், பக்கத்துல நான். இலை போட்டாங்க. சோறு வந்துச்சு.

நெல்லு. உமியோட, வாலோட, பதமா வேக வச்ச நெல்லு. சமையல்காரனும் எங்க ஊர்க்காரன்தான், கொடுத்ததை வேக வைன்னு சொன்னாங்க, வச்சுட்டான்.

அப்புறம் சுருளிவேல் ஒரு நெல்லை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார்.

"விலை குறைஞ்சது வாங்கினா இதான் தொல்லை. முப்பதாயிரத்துது வாங்கியிருந்தா உமி போயிருக்கும்."

அப்படிச் சொல்லக் கூடாதுண்ணேன்னு சகாயம் மறுத்தான். ஓட்டையை அடைச்சதுதான் தப்பு, உமி வெளியே போக வழி இல்லாமப் போச்சுன்னான். தவசி மூணு கம்பி மேல பழியைப் போட்டார். சாம்பார் ஆறிக்கிட்டே இருந்துச்சு. ஒச்சுதான் கடைசியில எழுந்தான்.

"கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரே. இது பழகுறதுக்கு வாங்கினது, பழகப் பழகத்தான் வரும்னு. இன்னும் ஒரு பாட்டு வாசிச்சா வந்துரும். யாரும் இலையை விட்டு எந்திரிக்காதீங்க."

அப்படிச் சொல்லிட்டு மாலையோட கிடாரைத் தூக்கிட்டு வந்து, முதல் இலையா என் இலையில அழுத்தி வச்சான். கம்பியில விரலைப் போடுறதுக்குள்ள செவ்வந்தி அவன் வேட்டி நுனியைப் பிடிச்சு இழுத்தா. பரவாயில்ல, இந்தக் கூட்டத்துல புத்தியுள்ள ஒரு பிள்ளையாவது இருக்குன்னு எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

"இவர் இலைக்கு அப்புறமா வாசிக்கலாம்"னா. "முதல்ல எங்கப்பா இலைக்கு வாசிங்க. அவருக்குப் பல்லு இல்ல."