ஓரடிப் பொய்

பொய் சொன்ன பலகை பத்தொன்பது வருஷம் யாரையும் தொடவில்லை. உண்மை சொன்ன பலகை பதினோராம் நாளே ஒரு மனிதனின் இடுப்பை முறித்துப் போட்டது. இதென்ன அநியாயம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது அவர்கள்தான்.

கோழிப்பண்ணைகள் நிறைந்த அந்த வட்டாரத்தில், ரயில் தண்டவாளத்துக்குக் கீழே சாலை போகிற பாலங்கள் ஒன்பது. ஒன்பதிலும் உயரப் பலகை வைத்தவர் அங்கப்பன் என்ற பொறியாளர். லாரிக்காரர்கள் எப்படியும் கொஞ்சம் மிஞ்சித்தான் பாரம் ஏற்றுவார்கள் என்பது அவர் எண்ணம். ஆகவே ஒவ்வொரு பலகையிலும் உள்ள உயரத்தில் ஓர் அடி குறைத்து எழுதினார். அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் லாரிக்காரர்கள் காதில் அவ்வளவு லேசில் பூச்சுற்ற முடியுமா? ஒருவன் துணிந்து நுழைந்தான், உரசாமல் வெளியே வந்தான். அன்றிலிருந்து, பலகையில் இருப்பதோடு ஓர் அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே ஸ்டியரிங் பிடிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம்.

அங்கப்பன் ஓய்வுபெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள் கோகிலவாணி. கறாரான பெண். மழைத் தண்ணீர் தேங்குகிறதென்று ஒரு பாலத்தை இருபது நாள் அடைத்து வடிகால் வேலை நடந்தபோது, அவள் சும்மா இராமல் டேப்பைப் பிடித்தாள். பலகையில் 3.6 மீட்டர் என்றிருந்தது. டேப் 3.9 என்றது. மறுபடியும் அளந்தாள், அதே 3.9. பக்கத்து டீக்கடையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் சிரித்தார்.

"ஒரு அடி சாஸ்தி இருக்குதுங்களா அம்மணி? எல்லாப் பாலமும் அப்படித்தானுங்க. நாங்க கூட்டிக்குவோம்."

அரசாங்கப் பலகையிலேயே பொய்யா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாலம் திறந்த அன்றே 3.9 என்று புதுப் பலகை மாட்டினாள். மற்ற எட்டையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று டைரியில் குறித்தாள். அன்று அவளுக்குத் தன் வேலையில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு செங்கோடனின் லாரி அந்தப் பாலத்துக்கு வந்தது. இரும்புக் கோழிக்கூண்டுகள், அளந்து கட்டிய பாரம், உயரம் 4.1 மீட்டர். கூண்டுகளின் நடுவே விட்டிருந்த குழியில் அவன் மச்சான் மாரப்பன், கையில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்தான். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளைத் தூக்கிவிட இப்படி ஒருவர் மேலே வருவது அங்கே வழக்கம். சந்தேகமான பாலம் என்றால் மேலே இருப்பவர் இறங்கி ஓரமாக நிற்பார். பாரத்துக்கும் பாலத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கை காட்டுவார்.

"இறங்கட்டுமா மாப்ளே?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எதுக்கு மச்சா? இருவது நாளு அடைச்சு வெச்சு ரோட்டைத் தோண்டி இறக்கீட்டாங்க. பலகையே மூணு புள்ளி ஒம்பது. ஒரு அடி கூட்டுனா நாலு புள்ளி ரெண்டு. குழிக்குள்ள நல்லாக் குனிஞ்சுக்குங்க, போதும்."

கோகிலவாணி போய்ச் சேர்ந்தபோது மாரப்பனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மேல் அடுக்குக் கூண்டுகள் சாலை முழுவதும் நசுங்கிக் கிடந்தன. ஒரு கூண்டுக்குள் ஒற்றைச் செருப்பு இருந்தது. அவளுடைய பலகை மட்டும் ஒரு கீறல் இல்லாமல், 3.9 என்று பளிச்சென்று நின்றது. தான் உண்மையைத்தானே எழுதினோம் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு அங்கே யாருமில்லை.

மாரப்பன் இனி எழுந்து நடக்க மாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் செங்கோடன் அவளைக் கண்டு எழுந்து நின்றான்.

"நீங்கதானுங்களா பலகைய மாத்துனது?"

"ஆமாங்க. உள்ள அளவைத்தான் எழுதுனேன்."

"இந்தத் தடவ நெசத்த எழுதியிருக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவள் வெளியே வந்து அங்கப்பனுக்குப் போன் போட்டாள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"பத்தொம்பது வருஷம் அம்மணி! ஒரு கூண்டு உரசியிருக்குமா? உன்னைய ஆரு அளக்கச் சொன்னா?"

மாலையில் மேலதிகாரி அழைத்தார். விபத்து அறிக்கையை அவளே எழுத வேண்டுமாம், பாலம் அவள் பொறுப்பில் இருப்பதால். "காரணமானவர்னு இருக்கற இடத்துல ஒரே ஒரு பேரு எழுதும்மா. அந்தப் பேருக்குத்தான் வேலையோ, பென்ஷனோ, லைசென்ஸோ போகும். மூணு பேரையும் எழுதினா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது, பாலமும் இப்படியேதான் கிடக்கும்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். நல்லெண்ணத்தோடு பொய் எழுதியவர் ஒருவர். நேர்மையாக உண்மை எழுதியவள் ஒருத்தி. தெரிந்த கணக்கை நம்பி நுழைந்தவன் ஒருவன். வாசகர்களே, அந்த இடத்தில் எழுத வேண்டியது யார் பெயர்?

விடை: அங்கப்பன் செய்தது தவறுதான். ஆனால் அவருடைய பொய்யை லாரிக்காரர்கள் கண்டுபிடித்துப் பல வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அது யாரையும் ஏமாற்றவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. செங்கோடன் மச்சானை இறக்கிப் பார்க்காதது பெரிய பிழை, அதை அவன் ஆயுசுக்கும் சுமப்பான். ஆனாலும் ஒன்பது பலகைக்கும் ஒரே கணக்கு என்பதுதான் அவனுக்குத் தெரியும். பலகைகள் பொய் என்பதும், ஓட்டுநர்கள் ஓர் அடி கூட்டுகிறார்கள் என்பதும், இந்த ஒன்று மட்டும் இனி மெய் என்பதும் சேர்ந்து தெரிந்தவள் கோகிலவாணி ஒருத்திதான். ஒன்பதையும் ஒரே நாளில் மாற்றி, ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டாள். அவள் எழுதியதும் தன் பெயரைத்தான். அறிக்கை எழுதியவர் கையெழுத்தும் அவளே போட வேண்டியிருந்ததால், அந்தத் தாளில் அவள் பெயர் இரண்டு முறை இருந்தது.